பையில் பொட்டலம் கிடைத்தால்: பள்ளி போதை எதிர்ப்பு மன்றமும் சட்டமும்

ஆகஸ்ட் 11-ஆம் தேதி காலை வழிபாட்டுக் கூட்டத்தில், பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்று போதைப்பொருளுக்கு எதிராக உறுதிமொழி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிவைத்த வழக்கம் அது. பெற்றோர் பலருக்குப் பள்ளியின் போதை எதிர்ப்புத் திட்டம் என்றாலே இந்த உறுதிமொழியும் ஓர் ஊர்வலமும்தான் நினைவுக்கு வரும். உண்மையில் உதவுகிற பகுதி அதற்கு அப்புறம்தான் இருக்கிறது.

பள்ளிகளில் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றம் அமைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பொறுப்பாசிரியர் ஒருவர், உறுப்பினராகச் சில மாணவர்கள். ஓவியப் போட்டி நடத்திப் படம் எடுத்து அனுப்பினால் கோப்பு நிறைந்துவிடும். ஆனால் பிள்ளைகளுக்குத் தேவை வேறு. காவல்துறை அதிகாரி ஒருநாள் வந்து பயமுறுத்திப் பேசிவிட்டுப் போவதால் பெரிய பலன் இல்லை என்று ஐ.நா. போதைப்பொருள் தடுப்பு வழிகாட்டுதலே சொல்கிறது. பழகிப் பார்க்கும் வகுப்புகள்தான் பலன் தருகின்றன. "ஒரே ஒரு இழுப்புடா, ஒண்ணும் ஆகாது" என்று நீட்டுகிற நண்பனிடம், நட்பும் முறியாமல் எப்படி மறுப்பது? இதை இரண்டு பேரை நிற்கவைத்து நடித்துக் காட்டச் சொல்லலாம். முதலில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

சரி, பையில் கஞ்சா கிடைத்தேவிட்டது. என்ன ஆகும்?

1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி ஒரு கிலோ வரை கஞ்சா 'சிறிய அளவு'. அதை வைத்திருந்தால் பெரியவர்களுக்கு ஓராண்டு வரை சிறை. 18 வயது நிரம்பாதவருக்கோ இளைஞர் நீதிச் சட்டம்தான் பொருந்தும். அவரை லாக்கப்பில் வைக்கக்கூடாது. விசாரிப்பது இளைஞர் நீதிக் குழுமம். இந்த அளவு குற்றத்துக்குப் பொதுவாக எஃப்.ஐ.ஆர். போடாமல் காவல் நிலையப் பொது நாட்குறிப்பில் பதிவதோடு சரி. பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றம் என்றால் மட்டும் எஃப்.ஐ.ஆர். வரலாம்.

பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தால், பயன்படுத்தியதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் வழக்குத் தொடர முடியாது என்கிறது போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பை இழக்க நேரிடும். ஊருக்குப் பயந்து மகனை மறைத்து வைக்கும் வீடுகளுக்கு இந்தப் பிரிவு தெரிந்திருக்க வேண்டும். டி.சி. கொடுத்து அனுப்பத் துடிக்கும் பள்ளிகளுக்கும்தான். பள்ளியை விட்டுப் போகும் பையன் நாள் முழுக்க யாரோடு இருப்பான் என்று யாரும் யோசிப்பதில்லை.

சட்டம் கடுமை காட்டுவது விற்பவரிடம். குழந்தைக்குப் போதைப்பொருள் கொடுத்தாலோ, குழந்தையை வைத்து விற்றாலோ, கடத்தினாலோ ஏழாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் பெட்டிக்கடையில் சிகரெட் விற்பதும் தனிச் சட்டப்படி குற்றம். ஒரு கஜம் மூன்றடிதானே, காலால் நடந்தே அளந்துவிடலாம்.

கஞ்சா விற்பனை பற்றித் தகவல் சொல்ல 10581. மீள்வதற்கான ஆலோசனைக்கு 14446. குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. எல்லாம் கட்டணமில்லா எண்கள்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இரண்டே கேள்வி கேளுங்கள்: மன்றத்தின் பொறுப்பாசிரியர் யார்? மன்றம் கடைசியாக எப்போது கூடியது?