ஃபினாலே ஃபைல்களை இப்போதே ஒருமுறை திறந்து பாருங்கள்

இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான ஃபினாலே நின்றுபோனது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் பழைய செய்திதான். 1988இல் வந்த அந்த மென்பொருளுக்கு இனிப் புதிய பதிப்பு கிடையாது என்று மேக்மியூசிக் நிறுவனம் 2024 ஆகஸ்ட் 26 அன்று அறிவித்தது. ஒரு வருஷம் போனால் புதுக் கம்ப்யூட்டரில் ஆக்டிவேட் செய்யவும் முடியாது என்று முதலில் சொன்னார்கள். நாலா பக்கமும் கூச்சல் கிளம்பியதும் அதை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். அதனால் மும்பையில் பல பேர் "நம்மகிட்ட இருக்கிறது ஓடிட்டுத்தானே இருக்கு" என்று நிம்மதியாக இருக்கிறார்கள். ஓடும்தான். விண்டோஸோ மேக்கோ ஏதாவது ஒரு பெரிய அப்டேட்டில் அதைக் கைவிடும்வரை ஓடும்.

நான் இங்கே ஸ்டூடியோக்களுக்கு ஸ்கோரும் (எல்லா வாத்தியங்களும் சேர்ந்த தாள்) பார்ட்டும் (ஒவ்வொரு வாத்தியத்துக்குமான தனித் தாள்) தயார் செய்து கொடுக்கும் காப்பியிஸ்ட். அரேஞ்சர் லாஜிக், கியூபேஸ் மாதிரி ஒலிப்பதிவு மென்பொருளில் செய்து அனுப்பும் மிடியை (எந்தச் சுரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்று சொல்லும் ஃபைல்), வயலின்காரர் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கக்கூடிய தாளாக மாற்றுவது என் வேலை. புடாபெஸ்ட்டில் ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்க, இசையமைப்பாளர் அந்தேரியில் உட்கார்ந்து கேட்டுத் திருத்தம் சொல்வதெல்லாம் இப்போது சகஜம். அந்த நேரத்தில் தாளுக்கு இருக்கிற மரியாதையே தனி. படம் வெளியானதும் அந்த ஃபைலை எவரும் சீந்துவதில்லை. வருஷங்கள் கழித்து அதே பாட்டை மேடையில் வாசிக்க வேண்டும் என்று வரும்போதுதான் தேடல் தொடங்கும். ஃபைல் கிடைக்கும், திறக்காது.

ஃபினாலேயில் மட்டும் இந்தச் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். சிபேலியஸ் என்ற இன்னொரு இசைக்குறிப்பு மென்பொருளின் புதிய பதிப்பில் சேமித்த ஃபைலைப் பழைய பதிப்பு அப்படியே திறக்காது. பழைய பதிப்புக்கென்று தனியாக எக்ஸ்போர்ட் செய்து கொடுக்க வேண்டும். 2012இல் அவிட் நிறுவனம் சிபேலியஸின் லண்டன் அலுவலகத்தை மூடியபோதே எங்கள் தொழிலில் ஒரு கலக்கம் வந்தது. அங்கிருந்து வெளியேறியவர்கள் ஸ்டைன்பெர்க் நிறுவனத்துக்குப் போய் 2016இல் டோரிகோ என்ற புது இசைக்குறிப்பு மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். மென்பொருள் எழுதுபவர்கள் இடம் மாறிவிடுவார்கள். உங்கள் ஃபைல் எழுதின இடத்திலேயே கிடக்கும்.

இதற்குப் பொதுவான வழி மியூசிக்எக்ஸ்எம்எல். எந்த மென்பொருளில் எழுதினாலும் இன்னொன்றில் திறக்க உதவும் பரிமாற்ற வடிவம் இது. முதல் பதிப்பு 2004இல் வந்தது. ஃபினாலே, சிபேலியஸ், டோரிகோ, மியூஸ்ஸ்கோர் எல்லாமே இதை எழுதும், படிக்கும். ஃபினாலேயின் கடைசிப் பதிப்பு கையில் இருந்தால் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் போய், ஒரு ஃபோல்டரில் உள்ள அத்தனையையும் ஒரே தட்டில் மாற்றிக்கொள்ளலாம். முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள். கூடவே ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிஎஃப். பிடிஎஃப் எதற்கு என்றால், எக்ஸ்எம்எல் எல்லாவற்றையும் கொண்டுவராது.

சுரம், தாள அளவு, பாட்டு வரிகள், ஸ்லர் (சுரங்களைச் சேர்க்கும் வளைகோடு), மெதுவாகவா உரக்கவா என்று காட்டும் பியானோ-ஃபோர்ட்டே குறிகள் ஆகியவை பெரும்பாலும் பத்திரமாக வந்து சேரும். பக்கம் புரட்ட வசதியாக நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த பக்க அமைப்பு அப்படியே வராது. மாற்றியதைச் சரிபார்க்க எனக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மொத்த பார் (தாளக் கட்டம்) எண்ணிக்கை. அது இடித்தால் மேலே போவதில் அர்த்தமே இல்லை. அப்புறம் பாட்டு ஆரம்பிக்கும் முன்பாரில் (முதல் முழு பாருக்கு முன்னால் வரும் குறைப் பார்) எத்தனை பீட், ரிப்பீட்டின் முதல் முடிவும் இரண்டாம் முடிவும், ட்ரிப்லெட் (இரண்டு சுரத்தின் நேரத்தில் மூன்று) இருக்கும் இடங்கள், ஒரே ஸ்டாஃபில் (ஐந்து கோட்டு வரிசை) எழுதிய இரண்டு குரல்கள். பிறகு கிளாரினெட்டையும் ஹார்னையும் தனியாகப் பார்ப்பேன். எழுதிய சுரத்துக்கும் ஒலிக்கும் சுரத்துக்கும் வித்தியாசம் உள்ள வாத்தியங்கள் இவை. செட்டிங் மாறியிருந்தால் பார்ட் முழுவதும் வேறு சுருதியில் நிற்கும். பழைய பிரிண்ட் அவுட் பக்கத்தில் இருந்தால் இந்த வேலை பாதி குறையும்.

தமிழ் வரிகள் இருக்கிற ஸ்கோர் என்றால் கதையே வேறு. தாராவியில் ஒரு சபையின் பாடகர் குழுவை நடத்தும் அண்ணாச்சி ஒருவர் பென் டிரைவோடு வந்தார். பல வருஷத்துக் கிறிஸ்துமஸ் பாட்டுகள், நாலு குரலுக்கும் பிரித்து எழுதியவை. எக்ஸ்எம்எல்லாக மாற்றி மியூஸ்ஸ்கோரில் திறந்தேன். சுரமெல்லாம் ஒழுங்காக நின்றது. அதன் கீழே வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கமாவும். அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "தம்பி, பாட்டு இருக்கு, ஆண்டவர் பேரைக் காணலியே" என்றார்.

காரணம் எளிது. யூனிகோடுக்கு முந்திய தமிழ் ஃபாண்ட்களில் பல, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தவை. பாமினி என்ற அப்படிப்பட்ட ஃபாண்டில் 'தமிழ்' என்ற சொல், கம்ப்யூட்டரின் கணக்கில் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். எக்ஸ்எம்எல் அந்த எழுத்துகளைத்தான் தூக்கிக்கொண்டு போகிறது. அந்த ஃபாண்ட் இல்லாத இடத்தில் அவற்றின் சொந்த உருவம் தெரிகிறது. இதற்குப் பழைய ஃபாண்டை நிறுவுவது தற்காலிக வைத்தியம். வரிகளை மொத்தமாக வெளியே எடுத்து, ஃபாண்டுக்கு ஏற்ற கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாக்கி, சுரத்துக்குச் சுரம் திரும்ப ஒட்டுவதுதான் நிரந்தரம். 'கீர்த்தனை' என்றால் கீர்த், த, னை என்று மூன்று அசையாகப் பிரித்து ஒவ்வொன்றையும் அதனதன் சுரத்தடியில் வைக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஆனால் ஒரே ஒரு தடவை செய்கிற வேலை. அண்ணாச்சியின் குழுவில் பாடும் கல்லூரிப் பிள்ளைகளே உட்கார்ந்து முடித்துவிட்டார்கள்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பாட்டு சொல்லிக் கொடுப்பவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. மேல் ஸ்தாயிக்கும் கீழ் ஸ்தாயிக்கும் புள்ளி வைத்த ஸரிகமவைத் தனி ஃபாண்டில் அடித்து வைத்திருப்பார்கள். ஃபாண்ட் போனால் புள்ளி போகும், புள்ளி போனால் ஸ்தாயி போகும். அவர்களுக்கு ஸ்டாஃப் மென்பொருள் அவசியமில்லை. ஃபாண்டைப் பதித்த பிடிஎஃப் ஒன்று இருந்தாலே பெரிய ஆபத்து நீங்கும்.

அடுத்து எதற்கு மாறுவது என்று கேட்கிறார்கள். வகுப்பு, பாடகர் குழு, தனியாக எழுதுபவர் என்றால் மியூஸ்ஸ்கோர் போதும். இலவசம், மூல நிரலும் திறந்தது. பெரிய ஸ்கோரிலிருந்து நிறைய பார்ட் பிரிக்கிறவர்களுக்கு நான் டோரிகோவைச் சொல்வேன். சிபேலியஸில் கை பழகியவர்கள் அவசரப்பட்டு மாற வேண்டியதில்லை.

இசையமைப்பாளர்களுக்கும் பதிப்பிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தியக் காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 2(p) பிரிவில் இசைப் படைப்பு என்பதற்குள் அதன் எழுத்து வடிவக் குறிப்பும் அடங்கும். பாட்டின் சொற்கள் அதில் சேராது. ஆகவே அந்தத் தாள் உங்கள் படைப்பின் ஒரு பகுதி. காப்பியிஸ்டிடம் வேலை கொடுக்கும்போதே, மூல ஃபைல், மியூசிக்எக்ஸ்எம்எல், பிடிஎஃப் மூன்றும் ஒப்படைக்க வேண்டும் என்று மெயிலில் ஒரு வரி எழுதிவிடுங்கள். நல்ல காப்பியிஸ்ட் இதற்குத் தனிக் காசு கேட்கமாட்டார். பணம் கைமாறி ரெண்டு வருஷம் கழித்துப் போன் போட்டால், "அது பழைய லேப்டாப்ல இருந்துச்சு சார்" என்பதுதான் பதிலாக வரும்.