தொப்பித் தொழிலாளிகளின் கோபம்

ஆங்கிலத்தில் ‘மேட் ஆஸ் எ ஹேட்டர்’ என்று ஒரு வழக்கு உண்டு. தொப்பி செய்பவரைப் போலப் பித்துப் பிடித்தவர் என்று இன்று பொருள் கொள்கிறார்கள். ஆனால் 1830-களில் கனடா எழுத்தாளர் தாமஸ் ஹாலிபர்ட்டன், ஒரு பெண் கடுங்கோபத்தோடு அறையை விட்டு வெளியேறுவதைச் சொல்லவே இதைப் பயன்படுத்தினார். லூயிஸ் கரோல் எழுதிய ‘ஆலிஸ்’ கதையின் பித்துப் பிடித்த தொப்பிக்காரர் வந்தது அதற்கெல்லாம் பிறகு, 1865-இல்.

தொழில்சார் நோய்களைப் பார்க்கும் மருத்துவன் என்பதால் இந்தக் கோபத்தின் காரணம் எனக்கு முக்கியம். அக்காலத்தில் முயல் போன்ற விலங்குகளின் ரோமத்தைக் கெட்டித் துணிபோல இறுக்கித் தொப்பி செய்வார்கள். ரோமம் நன்றாகப் பின்னிக்கொள்ள அதில் பாதரச நைட்ரேட் கரைசலைத் தடவுவார்கள். பிறகு உலர்த்தும்போதும் ஆவியில் வைக்கும்போதும் பாதரச ஆவி கிளம்பும். காற்றோட்டமில்லாத அறையில் ஆண்டுக்கணக்கில் தொழிலாளிகள் அதைச் சுவாசித்தார்கள். கை நடுக்கம், தூக்கமின்மை, மறதி, கூச்சம், சின்ன விஷயத்துக்கும் வெடிக்கும் எரிச்சல் எல்லாம் சேர்ந்து வந்தன. நியூ ஜெர்சியில் ஃப்ரீமன் என்ற மருத்துவர் 1860-லேயே இதை எழுதிவைத்தார். கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி நகரில் இந்த நடுக்கத்துக்கு ஊர்ப்பெயரே வைத்துவிட்டார்கள். அப்படியும் அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசம் நின்றது 1941-இல்தான்! சொற்றொடர் இந்த நோயிலிருந்துதான் பிறந்தது என்பதைச் சொல்லாய்வாளர்கள் எல்லோரும் ஏற்பதில்லை. சரி, சொல் எங்கிருந்து வந்திருந்தாலும் நோய் உண்மை.

நம் ஊரிலும் பாதரசம் புதிதல்ல. கொடைக்கானலில் இயங்கிய தெர்மாமீட்டர் ஆலை பாதரச மாசுப் புகாரால் 2001-இல் மூடப்பட்டது. தங்கத் துகளைப் பிரிக்கப் பாதரசம் சேர்த்துச் சூடாக்கும் பட்டறைகளில் இன்றும் ஆபத்து இருக்கிறது. சில சிவப்பழகு கிரீம்களிலும் பாதரசம் கலந்திருக்கும். இந்த ஆவிக்கு நிறமோ வாசனையோ கிடையாது. உள்ளே போனதில் பெரும்பகுதி நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து மூளைவரை போய்விடும்.

“முன்னெல்லாம் இப்படி இல்லை டாக்டர், இப்போது எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார்” என்று மனைவி சொல்லும்போது, என்ன வேலை செய்கிறார், எந்த அறையில் செய்கிறார் என்றுதான் முதலில் கேட்பேன். அப்புறம் ஒரு காகிதத்தில் சுருள் வரையச் சொல்வேன்; நடுக்கம் இருந்தால் கோடு காட்டிக்கொடுத்துவிடும். சந்தேகம் வந்தால் சிறுநீரில் பாதரச அளவைப் பார்க்க வேண்டும். அவரைக் குணக்கேடு உள்ளவர் என்று குடும்பமே முடிவுகட்டிய பிறகு சோதனைக்கு வருவது மனதை மிகவும் வருத்துகிறது. வேலையிடத்தின் பாதரசத்திலிருந்து சீக்கிரம் விலக்கினால் பலருக்கு எரிச்சலும் நடுக்கமும் குறையும்.

வீட்டில் பழைய தெர்மாமீட்டர் உடைந்தால் துடைப்பத்தாலோ வாக்குவம் கிளீனராலோ எடுக்காதீர்கள். ஆவி அதிகமாகப் பரவும். குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, கெட்டி அட்டையால் பாதரச உருண்டைகளை ஒன்றுசேர்த்து மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் போடுங்கள். மிச்சமிருக்கும் சிறுதுளிகள் ஒட்டுநாடாவில் வந்துவிடும்.