பச்சைக் காப்சூல் பெருங்குடல் புற்றுநோயைத் தடுக்காது

சென்ற மாதம் மும்பையின் செம்பூரில் நான் நோயாளிகளைப் பார்க்கும் அறைக்கு, தாராவியில் 30 ஆண்டுகளாக இட்லி வியாபாரம் செய்துவரும் 56 வயதுக்காரர் ஒருவர் மனைவியோடும் மகனோடும் வந்தார். மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. என்னென்ன மருந்து சாப்பிட்டார் என்று கேட்டபோது, அந்த அம்மா கைப்பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அத்தனையும் வைட்டமின் ஈ 400 மில்லிகிராம் காப்சூல் அட்டைகள். கடைசி அட்டையில் மட்டும் நான்கு பச்சைக் காப்சூல்கள் மீதமிருந்தன. "ஒரு நாள்கூட விடாம போட்டிருக்காவ டாக்டர்" என்றார். வைட்டமின் ஈ குடல் புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறது என்று ஆராய்ச்சியில் கண்டுபிடித்திருப்பதாகத் தன் கைப்பேசிக்கு வந்த செய்தியை மகன் காட்டினார்.

அவருடைய கீழிமையை இழுத்துப் பார்த்தேன். உள்பக்கம் வெளுத்துக் கிடந்தது. ஹீமோகுளோபின் 7.6 ஆகக் குறைந்திருந்தது. கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியே விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனாஸ்கோப்பியில், இடதுபக்கக் கடைசி வளைவில் குடலின் பாதி வழியை அடைத்தபடி கட்டி இருந்தது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த எட்டு மாதங்களை நான் மாற்றவில்லை. இதே காப்சூலை நம்பித் தாமதித்து வந்தவர்களில் இந்த ஆண்டு இவர் மூன்றாவது ஆள் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மகன் காட்டிய செய்தி முழுப்பொய் அல்ல என்பதுதான் இதில் உள்ள பெரிய சிக்கல். எச்.டி-29, எச்.சி.டி-116 போன்ற பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, அவற்றின்மேல் வைட்டமின் ஈ குடும்பத்தைச் சேர்ந்த சில பொருள்களைச் சேர்த்தபோது, செல்கள் பெருகுவது குறைந்ததையும், பல செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொண்டதையும் ஆய்வாளர்கள் உண்மையாகவே கண்டிருக்கிறார்கள். பெருங்குடலில் கட்டி வரச்செய்யப்பட்ட எலிகளிலும் சில வகைகள் பலன் காட்டியிருக்கின்றன. அவை மதிக்கத்தக்க ஆய்வுகள். ஆனால் அவற்றில் பயன்பட்ட பொருளும் அந்த ரப்பர் பேண்டு கட்டில் இருந்த பொருளும் ஒன்றல்ல.

வைட்டமின் ஈ என்பது ஒரே பொருளின் பெயர் என்று நம்மில் பெரும்பாலானோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது எட்டுப் பொருள்கள் கொண்ட ஒரு குடும்பத்தின் பெயர். டோக்கோஃபெரால் என்ற பிரிவில் ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா என்று நான்கு. டோக்கோட்ரையினால் என்ற பிரிவில் அதே பெயர்களில் இன்னும் நான்கு. குடல் புற்றுநோய்ச் செல்களுக்கு எதிராக ஆய்வகத்தில் நன்றாக வேலை செய்தவை பெரும்பாலும் காமா, டெல்டா வகைகளும் டோக்கோட்ரையினால்களும்தான். மெடிக்கல் கடையில் கிடைக்கும் பச்சைக் காப்சூலில் இருப்பதோ ஆல்பா டோக்கோஃபெரில் அசிட்டேட், அதாவது ஆல்பா வகை. ஆய்வகத் தட்டில் மிகப் பலவீனமாக நின்றது இந்த ஆல்பா வகையே. இன்னும் கவலை தருவது என்னவென்றால், ஆல்பாவை அதிக அளவில் தொடர்ந்து சாப்பிட்டால் இரத்தத்தில் இருக்கும் காமா டோக்கோஃபெராலின் அளவு குறைந்துவிடுகிறது. நம் கல்லீரல் ஆல்பாவைத் தேடிப் பிடித்து வைத்துக்கொண்டு மற்ற வகைகளைச் சிதைத்து வெளியேற்றும் இயல்புடையது. ஆக, எந்த வகையைப் பற்றிய செய்தியைப் படித்து இந்தக் குடும்பம் காப்சூல் வாங்கியதோ, அந்த வகையைத்தான் அந்தக் காப்சூல் உடலில் குறைத்துக்கொண்டிருந்தது.

ஆல்பாவின் சக்சினேட் என்ற வேறொரு வேதி வடிவத்தைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். ஆல்பா டோக்கோஃபெரில் சக்சினேட் புற்றுநோய்ச் செல்களைக் கொல்வது பல ஆய்வகங்களில் காணப்பட்டது உண்மை; ஆனால் அந்த மூலக்கூறு உடையாமல் முழுதாக இருந்தால்தான் அது நடக்கும். வாய்வழியாக விழுங்கினால் குடலில் உள்ள நொதிகள் அதை வெட்டிச் சாதாரண ஆல்பாவாக ஆக்கிவிடுகின்றன. காமாவையும் டோக்கோட்ரையினாலையும் தனியாக வாங்கிச் சாப்பிடலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே போன்ற பதில்தான்: ஆய்வகத் தட்டில் ஊற்றும் அளவு, விழுங்கியபின் இரத்தத்தில் எட்டக்கூடிய அளவைவிடப் பெரும்பாலும் பல மடங்கு அதிகம், மனிதர்களில் அவை பெருங்குடல் புற்றுநோயைத் தடுக்கும் என்று எந்தப் பெரிய ஆய்வும் இதுவரை நிறுவவில்லை.

காப்சூலில் உள்ள ஆல்பாவை மனிதர்களிடம் சோதித்துப் பார்க்காமல் யாரும் விட்டுவிடவில்லை. குடலில் பாலிப் எனப்படும் சிறு வளர்ச்சிகளை அகற்றிக்கொண்ட 864 பேருக்கு பீட்டா கரோட்டினையும் வைட்டமின் சி, ஈ மாத்திரைகளையும் வெவ்வேறு விதமாகப் பிரித்துக் கொடுத்து நான்கு ஆண்டுகள் கவனித்த ஆய்வு 1994-இல் வெளிவந்தது. புதிய பாலிப்கள் குறையவில்லை. அமெரிக்காவில் வைட்டமின் ஈ-யைச் சோதிக்க 39,876 பெண்களைச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. அதிலும் பெருங்குடல் புற்றுநோய் குறையவில்லை. புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்க முடியுமா என்று பார்க்க 35,533 ஆண்கள் பங்கேற்ற செலக்ட் என்ற ஆய்வில் சிலருக்கு நாளொன்றுக்கு 400 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்தார்கள். பலன் இல்லையென்று 2008-இல் மாத்திரையை நிறுத்தினார்கள். 2011-இல் கணக்குப் பார்த்தபோது, வைட்டமின் ஈ எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது. நம் ஊர்க் காப்சூலின் 400 மில்லிகிராமும் அந்த 400 யூனிட்டும் ஒரே அளவுதான். வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 15 மில்லிகிராம் என்பதையும் இத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

"வைட்டமின்தானே, என்ன பண்ணப்போவுது" என்ற வாக்கியத்தை நான் வாரந்தோறும் கேட்கிறேன். அதிக அளவு வைட்டமின் ஈ இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். இதய நோய்க்காக வார்ஃபாரின், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள் சாப்பிடுபவர்கள் இதைத் தாமாகச் சேர்த்துக்கொள்ளவே கூடாது. கீமோதெரபி எடுப்பவர்கள் சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடக் கூடாது. உணவிலுள்ள கொழுப்பை உறிஞ்ச இயலாதவர்களுக்கும் சில கல்லீரல் நோயாளிகளுக்கும் நானே இந்தக் காப்சூலை எழுதித் தருகிறேன். காரணமும் அளவும் தெரிந்து கொடுப்பது வேறு, மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வேறு. வேர்க்கடலை, நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், தவிட்டு எண்ணெய் என்று நம் சமையலறையிலேயே வைட்டமின் ஈ இருக்கிறது. அதற்காக எண்ணெயைக் கரண்டியால் குடிக்க வேண்டாம். வழக்கமான சமையலே போதும்.

மலத்தோடு இரத்தம் போனால் அதை மூலநோய் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். மூலம் இருப்பவருக்குப் புற்றுநோய் வராது என்று எந்த விதியும் இல்லை. இரண்டும் சேர்ந்தே இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மலம் கழிக்கும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருந்தாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும், குடலின் உள்ளே பார்க்க வேண்டும். 50 வயதைத் தாண்டிய ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைந்து இரத்தசோகை வந்தால், இரத்தம் எங்கே கசிகிறது என்று தேடாமல் இரும்பு மாத்திரை மட்டும் எழுதி அனுப்புவது தவறு. இதை என் சக மருத்துவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஆசனவாயில் விரல் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யாமலே ஆறு மாதம் மூல மருந்து எழுதப்பட்ட சீட்டுகள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன.

கொலோனாஸ்கோப்பி என்றதும் வெட்கப்படுகிறவர்களும் பயப்படுகிறவர்களும் அதிகம். முந்தைய நாள் பேதி மருந்து குடிப்பதுதான் அதில் சிரமமான பகுதி. மறுநாள் மயக்க ஊசி போட்டுச் சுமார் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பாலிப் ஒன்று புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டுகள்கூட ஆகும் என்பதால், அந்த இடைவெளியில் அதைக் கண்டு அப்போதே வெட்டி எடுத்துவிட முடிகிறது. எந்தக் காப்சூலாலும் செய்ய முடியாத வேலை அது. ஆகவே, உங்கள் வீட்டில் யாராவது பச்சைக் காப்சூலைத் தினமும் சாப்பிடுவதைப் பார்த்தால், எதற்காக என்று தயவுசெய்து கேளுங்கள். அழகுக்கு, முடிக்கு, கால் பிடிப்புக்கு என்று சொல்லலாம். இரத்தம் போகிறது என்று சொன்னால் அன்றைக்கே அழைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

அந்த வியாபாரிக்கு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. நிணநீர் முடிச்சுகள் இரண்டில் நோய் பரவியிருந்ததால் அடுத்து கீமோதெரபி தொடங்குகிறது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், 40 வயதிலோ, அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்போ, எது முந்தி வருகிறதோ அப்போதே கொலோனாஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். அந்த வியாபாரியின் தம்பிக்கு வயது 51. சித்தப்பாவும் அதே காப்சூலைத்தான் ஒரு வருடமாகச் சாப்பிடுகிறார் என்று மகன் தயங்கித் தயங்கிச் சொன்னார். வரும் வியாழக்கிழமை காலை அவருக்கு நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.