ஸ்க்ரீனிங்: திரையா, சல்லடையா?

போலீஸ், தீயணைப்பு, 108 ஆம்புலன்ஸ், சிறைக்காவல் இந்த மாதிரி வேலைகளில் இருப்பவர்களுக்கு மனப்பாதிப்பு ஏதும் இருக்குமோ என்று பார்க்க நடத்தும் ‘மென்டல் ஹெல்த் ஸ்க்ரீனிங்’கை ‘மனநலத் திரையிடல்’ என்று மொழிபெயர்த்தால், ஆயுதப்படை மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடப் போகிறார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். திரையிடல் நமக்கு சினிமாச் சொல். அதற்கு முன்னால் திரை என்றால் அலை, ‘நரை திரை மூப்பு’ என்னும்போது தோல் சுருக்கம். சோதித்துப் பார்ப்பது என்ற பொருள் அதற்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ஆங்கிலத்தில் அந்தப் பொருள் எப்படி வந்தது? ஸ்க்ரீன் என்பது முதலில் குளிர்நாட்டு வீடுகளில் கணப்பின் அனல் நேராக மேலே அடிக்காமல் இருக்க முன்னால் நிறுத்தும் தட்டி. பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல், அதற்குப் பின்னால் ஜெர்மானிய வேர். ஜெர்மன்காரர்கள் குடைக்குச் சொல்லும் ‘ஷிர்ம்’ இதற்கு உறவு. ஆக, மூலப்பொருள் காப்பு. அப்புறம் 16ஆம் நூற்றாண்டு வாக்கில் மணலும் நிலக்கரியும் சலிக்கும் பெரிய சல்லடைக்கும் அதே பெயர் வந்து சேர்ந்தது. வீடு கட்டும் இடத்தில் பார்த்திருப்பீர்கள்: கம்பிவலை அடித்த சட்டத்தைச் சாய்த்து நிறுத்தி மண்வெட்டியால் மணலை அதன்மேல் வீசுவார்கள், பொடிமணல் அந்தப் பக்கம் போய்விடும், கல் இந்தப் பக்கமே உருண்டு விழும். ஆட்களை இப்படிப் பிரித்துப் பார்ப்பதற்கு இந்தச் சொல் பரவலானது 1940களில், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில்.

ஆனால் ஆட்களைப் பிரிக்கும் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1917இல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியபோது, ‘ஷெல் ஷாக்’ என்ற போர்க்கள மனப்பாதிப்பு வரக்கூடிய ஆட்களை முன்கூட்டியே பிரித்துவிட வேண்டும் என்று ராபர்ட் உட்வொர்த் என்ற உளவியலாளர் ஆம்/இல்லை என்று பதில் சொல்லும் கேள்வித்தாள் ஒன்றைத் தயாரித்தார். அது தயாராவதற்குள் போர் முடிந்துவிட்டது, அது வேறு கதை. அவர் செய்தது சுத்தமான சல்லடை வேலை.

மருத்துவம் பிற்பாடு இதே சொல்லை எடுத்துக்கொண்டு வேறு பொருள் கொடுத்தது. 1951இல் அமெரிக்காவின் நாட்பட்ட நோய்கள் ஆணையம் சொன்ன வரையறைப்படி, ஸ்க்ரீனிங் என்பது நன்றாக இருப்பதாகத் தெரிபவர்களில் நோய் இருக்க வாய்ப்புள்ளவர்களை விரைவான சோதனையால் பிரித்தறிவது. அது நோயறிதல் ஆகாது. 1968இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்ற இரு வல்லுநர்கள் எழுதிய 10 விதிகளில், சிகிச்சைக்கு வழி இருக்க வேண்டும் என்பதும் ஒன்று. கேள்வித்தாளை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் போதாது என்பது அந்த விதியிலேயே அடங்கிவிட்டது.

நடைமுறையில் இது ரொம்பச் சின்ன விஷயம். பணியில் கோரமான எதையாவது சந்தித்தவரிடம், கடந்த ஒரு மாதத்தில் கெட்ட கனவு வந்ததா, நடந்ததை நினைக்காமல் இருக்கப் பாடுபட்டீர்களா, சட்டென்று திடுக்கிடுகிறீர்களா, மனம் மரத்துப்போனதா, உங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறீர்களா என்று கேட்பார்கள். ஐந்தே கேள்வி, ஆம் அல்லது இல்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் நியூயார்க் தீயணைப்புத் துறை 343 பேரை இழந்தது. மீட்புப் பணிக்குப் போய்த் திரும்பியவர்களுக்கு உலக வர்த்தக மையச் சுகாதாரத் திட்டத்தில் நுரையீரலோடு மனநலத்தையும் சேர்த்து ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். இங்கே சொல் தன் பழைய பொருளுக்கே, அனலிலிருந்து காக்கும் தட்டிக்கே, திரும்பிவிட்டது.

காக்கி போட்டவர்கள் இதற்குப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஏனென்றால் ஆளெடுப்பில் தகுதி பார்ப்பது, பணியில் இருப்பவருக்கு உதவி தேவையா என்று பார்ப்பது, ஒருவரைத் திரும்ப வேலைக்கு விடலாமா என்று முடிவு செய்வது, மூன்றுமே பேச்சில் ‘ஸ்க்ரீனிங்’தான். உண்மையைச் சொன்னால் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு ஓரங்கட்டிவிடுவார்களோ என்று நினைப்பவர், ஐந்துக்கும் ‘இல்லை’ போட்டுவிட்டு எழுந்து போவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? முறத்தையும் சல்லடையையும் வைத்துப் பிரிக்கும் வேலைக்கு நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை: புடைத்தல், கொழித்தல், நாவுதல், தெள்ளுதல், சலித்தல். எல்லாவற்றிலும் கடைசியில் ஏதோ ஒன்று குப்பைக்குப் போகிறது. மனிதருக்கு அது ஆகாது. ‘மனநலச் சலிப்பு’ என்று எழுதினாலோ, மனநலமே சலித்துப்போய்விட்டது போல இருக்கும். ‘வடிகட்டல்’ ஆளெடுப்புக்குப் பொருந்தும், அதுவும் கொஞ்சம் கடுமைதான். ‘கண்டறிதல்’ என்றால் நோய் உறுதியான மாதிரி ஆகிவிடும்.

என் கட்சி ‘மனநல முதற்கட்டப் பரிசோதனை’. நீளம்தான், ஆனால் இதற்கு மேல் இன்னொரு கட்டம் உண்டு என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. அடிக்கடி எழுதுகிறவர்கள் ‘முதற்சோதனை’ என்று சுருக்கிக்கொள்ளலாம். ஆளெடுப்பில் பார்ப்பதை ‘தேர்வுக்கால உளவியல் சோதனை’ என்றும், திரும்ப வேலைக்கு விடலாமா என்று பார்ப்பதை ‘பணித்தகுதி மதிப்பீடு’ என்றும் தனியாக எழுதிவிட்டால் குழப்பம் பாதி தீரும். முடிவு ‘பாசிட்டிவ்’ என்று வந்தால், ‘நோய் உள்ளது’ என்று எழுதாமல் ‘மேற்பரிசோதனை தேவை’ என்று எழுதுங்கள்.