குளிர் வளிமுகம் கடந்த மறுநாள்தான் கடுங்குளிர்

“புதன்கிழமை குளிர் வளிமுகம் ஒன்று கடக்கும்” என்று குளிர்கால முன்னறிவிப்பில் வந்தால், வாரத்திலேயே குளிரான நாள் புதன்தான் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அப்படி அமைவதில்லை. புதனன்று மழையும் பலத்த காற்றும் இருக்கும். உடம்பை நடுக்கும் குளிர் வியாழன் இரவிலோ வெள்ளி விடியலிலோதான் வந்து சேரும். ஏன் இந்தத் தாமதம்?

சைபீரியா, வட கனடா போன்ற இடங்களில் குளிர்கால இரவு மிக நீளம், நிலமெல்லாம் பனி மூடிக் கிடக்கும். அங்கே பல நாள் தேங்கி நிற்கும் காற்று வெப்பத்தை இழந்துகொண்டே போய், குளிர்ந்த, வறண்ட, கனமான காற்றுத்திரளாகிறது. தெற்கே வெப்பமான கடல்களின் மேல் கிடக்கும் காற்றோ ஈரமும் வெதுவெதுப்பும் கொண்டது. மிதவெப்ப மண்டலத்தில் இவை இரண்டும் சந்திக்கும்போது எளிதில் கலந்துவிடுவதில்லை. நடுவே ஓர் எல்லை உருவாகிறது. அதுதான் வளிமுகம். குளிர்ந்த காற்று முன்னேறி வெப்பக் காற்றின் இடத்தைப் பிடித்தால் அது குளிர் வளிமுகம். வானிலை வரைபடத்தில் நீலக் கோடாகப் போட்டு, நகரும் திசையைக் காட்டச் சிறு முக்கோணங்களை ஒட்டியிருப்பார்கள்.

கடல்மட்ட அழுத்தத்தில் 0 டிகிரி செல்சியஸ் காற்று ஒரு கனமீட்டருக்குச் சுமார் 1.29 கிலோ எடை இருக்கும். 20 டிகிரியில் அது 1.20 கிலோதான். இந்தச் சிறு வித்தியாசம் போதும், குளிர்ந்த காற்று தரையோடு ஒட்டி ஆப்பு போல நுழைந்து வெப்பக் காற்றை மேலே தூக்கிவிடும். பாடப்புத்தகப் படங்களைப் பார்த்தால் இந்த எல்லை செங்குத்தான சுவர் என்றே தோன்றும். உண்மையில் அது மிகச் சாய்வானது. 50 முதல் 100 கிலோமீட்டர் பின்னால் போனால்தான் ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறும். கட்டுரையின் மீதிக் கதை முழுக்க இந்தச் சாய்வில்தான் இருக்கிறது, இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே போகும் காற்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 10 டிகிரி குளிர்கிறது. ஈரம் மேகமாகத் திரளத் தொடங்கியதும் வெப்பம் வெளிப்படுவதால் அந்த வேகம் குறைகிறது. ஈரம் நிறைய இருந்தால் இடிமழை தரும் கார்திரள் மேகங்கள் உயரமாக எழுந்து, குறுகலான பட்டையில் கனமழை கொட்டும். வெப்பக் காற்று முன்னேறிக் குளிர்ந்த காற்றின் இடத்தைப் பிடித்தால் அது வெப்ப வளிமுகம். அதன் சாய்வு இன்னும் குறைவு. அதனால்தான் அங்கே மழை பரவலாக, மெதுவாக, நீண்ட நேரம் பெய்கிறது.

இந்த அமைப்பைத் தெளிவாக வரைந்து காட்டியவர்கள் நார்வேயின் பெர்கன் நகரில் வேலை செய்த ஆய்வாளர்கள். வில்ஹெல்ம் பியர்க்னெஸ் அங்கே 1917-இல் குழுவைத் தொடங்கினார். மேற்குக் கரையோரம் நெருக்கமாக நிலையங்கள் அமைத்து அளவீடுகளைச் சேர்த்தார்கள். அவற்றை வைத்து அவர் மகன் யாக்கோப் 1919-இல் கட்டுரை வெளியிட்டபோது அவருக்கு வயது 21. செயற்கைக்கோள் இல்லாத காலத்தில், தரையளவீடுகளை மட்டுமே முக்கியமாக நம்பி இதைக் கண்டுபிடித்தது எனக்கு இன்றும் வியப்புதான்.

வட அரைக்கோளத்தில் வளிமுகம் வருமுன் தெற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ இதமான காற்று வீசும், காற்றழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும். கடக்கும் நேரத்தில் காற்று சட்டென்று மாறி மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ வீசும், அழுத்தம் ஏறத் தொடங்கும். வெப்பநிலையை மட்டும் பார்த்து முடிவு கட்டிவிட முடியாது, பகல் வெயில் அதை மறைத்துவிடலாம். பனிப்புள்ளி, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் திரளத் தொடங்கும் வெப்பநிலை, அப்படியல்ல. அது சரிந்தால் காற்றுத்திரளே மாறிவிட்டது என்று நம்பலாம். சில சமயம் சந்தேகத்துக்கே இடமிருக்காது. 1911 நவம்பர் 11 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் பகலில் 28 டிகிரி, நள்ளிரவுக்குள் மைனஸ் 8. அந்தத் தேதிக்கான எல்லாக் கால உச்சமும் நீச்சமும் ஒரே நாளில் பதிவாயின.

சரி, இவ்வளவு கூர்மையாக வராத பெரும்பாலான நேரங்களில் தாமதம் ஏன்? முதல் காரணம் அந்தச் சாய்வு. வளிமுகம் கடந்த உடனே நம் தலைக்கு மேல் இருப்பது மெல்லிய குளிர்ப்படலம்தான். மணிக்கணக்கில் வடக்கிலிருந்து காற்று வந்துகொண்டே இருக்க, அந்தப் படலம் தடிக்கிறது. அப்புறம், கடக்கும் நாளில் மேகம் தரையின் வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது, பலத்த காற்று மேல்-கீழ்க் காற்றைக் கலக்கிக்கொண்டே இருக்கிறது. அடுத்து உயர் அழுத்தப் பகுதி வந்து அமர்ந்ததும் காற்று மேலிருந்து இறங்கும், வானம் தெளியும், காற்று ஓயும். அந்த நீண்ட இரவில் தரை அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை விண்வெளிக்கு விட்டுக்கொண்டே இருக்கும். தரையில் பனி படிந்திருந்தால் மண்ணுக்குள் இருக்கும் வெப்பமும் மேலே வராது. பள்ளத்தாக்குகளில் கனமான காற்று வழிந்து தேங்குவதால் அங்கே குளிர் இன்னும் கடுமை. வெளியே நடப்பவருக்கு, காற்று வீசும் முதல் நாளே மோசமாகத் தோன்றலாம். காற்று தோலின் வெப்பத்தைப் பறிக்கிறதே தவிர, வெப்பமானியை அது இறக்குவதில்லை.

“மழை பிறகு பனிப்பொழிவாக மாறும்” என்ற அறிவிப்பு அடிக்கடி ஏமாற்றுவதும் இதே சாய்வால்தான். பனி விழும் அளவுக்குக் குளிர் ஆழமாவதற்குள் ஈரம் கடந்து போய்விடுகிறது. படலம் மெலிதாக இருக்கும்போதே மழை தொடர்ந்தால், துளிகள் தரையைத் தொட்டதும் உறைந்து சாலையைக் கண்ணாடியாக்கும். எனக்கு இதுதான் பனிப்பொழிவைவிட அஞ்சத்தக்கது. உறையாத பெரிய ஏரிகள் இருந்தால் வேறு கதை. வட அமெரிக்கப் பேரேரிகளில் நீருக்கும் ஒன்றரை கிலோமீட்டர் உயரக் காற்றுக்கும் சுமார் 13 டிகிரி வித்தியாசம் வந்தால், வளிமுகம் போய் நாளானாலும் கரையில் பனி கொட்டிக்கொண்டிருக்கும்.

முன்னறிவிப்பில் பெரிய சிக்கல் நேரம். ஐரோப்பிய வானிலை மையம் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி ஐம்பதுக்கும் மேற்பட்ட கணிப்புகளைச் சேர்ந்தாற்போல் ஓட்டுகிறது. ஒரு வாரம் தள்ளிப் பார்த்தால், வளிமுகம் வருகிறது என்பதில் அவை ஒத்துப்போகலாம், எந்த மணிக்கு என்பதில் பிரிந்துவிடும். விடியலுக்கு முன் வந்தால் பகல் முழுக்கக் குளிர், மாலையில் வந்தால் பகல் இதமாகவே கழியும். முன்னறிவிப்பு அட்டவணையில் அந்த நாளுக்கு உள்ள ஒற்றை எண் இந்த இரண்டையும் சொல்லாது. நள்ளிரவு தாண்டியதும் வளிமுகம் கடந்தால், அந்த நாளின் உச்ச வெப்பநிலை முதல் மணி நேரத்திலேயே பதிவாகி முடிந்திருக்கும். அதனால், அட்டவணை உச்சம் 12 டிகிரி என்று காட்டும் நாளில் நண்பகலில் 4 டிகிரி இருந்தால், கணிப்பு தவறியது என்று பொருளில்லை. அப்படிப்பட்ட நாளில் மணிவாரிக் கணிப்பைத் திறந்து பார்ப்பதுதான் சரி.