கவலைக்கு ஒரு குறுக்குச் சட்டம்

காசிமேட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “கூடைக்குக் கூடை கவலைதான் வருது. எங்க ஆயா மட்டும் பார்த்த உடனே ‘இது எண்ணெய் விடும், அது வெறும் முள்ளு’ன்னு பிரிச்சுடும். ஸ்கேல் வெச்சா நமக்குத் தெரியுமா?”

ஓரளவு தெரியும். கவலை என்பது மத்தி இன மீன்களுக்கு நம் பக்கத்துப் பெயர். அதில் எண்ணெய் மத்திக்கு 1847இல் பிரெஞ்சு விலங்கியலாளர் வலென்சியென் வைத்த பெயர் சார்டினெல்லா லாஞ்சிசெப்ஸ். ‘நீளத் தலை’ என்று பொருள். அளவு பெயரிலேயே இருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பின் அடி வரை உள்ள நீளத்தில் தலை 29 முதல் 35 சதவீதம். (வாலைச் சேர்ப்பதில்லை, வலையில் பாதி கிழிந்திருக்கும்.) இந்தோனேசியப் பக்கம் பிடிபடும் நெருங்கிய உறவான லெமுருவுக்கு 26 முதல் 29.

29இல் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. போதாக்குறைக்கு, நம் பிள்ளைகளைப் போலவே மீன்குஞ்சுக்கும் உடம்பைப் பார்க்கத் தலை பெரிது. ஒற்றை அளவு காலை வாரிவிடும்.

பழைய அளவுகளில் பெரும்பாலானவை மூக்கிலிருந்து வாலை நோக்கியே ஓடின. நீளம் திரும்பத் திரும்பக் கிடைத்தது, வடிவம் நழுவியது.

நாலு மரச்சட்டத்தை மூலைக்கு ஓர் ஆணி அடித்துச் சதுரமாக்குங்கள். ஒரு மூலையைத் தள்ளினால் கோணிக்கொள்ளும். பக்கங்களின் நீளம் இம்மியும் மாறவில்லை, வடிவம்தான் போயிற்று. குறுக்கே ஒரு சட்டம் அடித்துவிட்டால் அசையாது. தகரக் கொட்டகைக் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள் முக்கோணம் முக்கோணமாக இருப்பது இதனால்தான். 1980களின் தொடக்கத்தில் மீனுக்கும் இதையே செய்தார்கள். பெயரும் கட்டுமானக்காரர்களுடையதுதான், ‘டிரஸ்’. மூக்கு நுனி, பிடரி, துடுப்புகள் தொடங்கும் இடம், முடியும் இடம் எனக் கோலம் போடுவதுபோல் புள்ளி வைக்க வேண்டும். நான்கு புள்ளிக்கு ஒரு பெட்டி: நான்கு பக்கம், இரண்டு குறுக்கு. ஐந்து அளவிலேயே பெட்டி உறுதியாகிவிடும். ஆறாவது எதற்கு? அளந்தவர் கை நழுவியிருந்தால் காட்டிக்கொடுக்க! இந்த ஆறாவது கோட்டின் மேல் எனக்குத் தனிக் காதல்.

பிறகு கணினி, பெரிய மீன் சிறிய மீன் என்ற வேறுபாட்டைக் கழித்துவிட்டு, மிஞ்சிய வடிவத்தை வைத்துக் கும்பல் பிரிக்கும். மரபணுச் சோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம், காலிப்பர் (நுட்பமாக நீளம் அளக்கும் கவைக் கருவி) பிடிக்கத் தெரிந்த ஆட்களுக்கும் போகலாம்.

வாசகருக்கு ஒரு வேலை: வளைந்து விறைத்த மீனைத் தள்ளிவிடுங்கள். ஆயாவை முதலில் பிரிக்கச் சொல்லி, அப்புறம் அளந்து பாருங்கள். இரண்டு குவியலுக்கும் எந்தக் கோடு அதிகம் வேறுபடுகிறதோ, ஆயாவின் கண் அங்கேதான் போயிருக்க வேண்டும்.