மீன் படாத நாளையும் எழுதுங்கள்: பலநாள் கலங்களின் லொக் புத்தகம் பற்றி

சூரை மீன் ஏற்றுமதிக்கான பிடிப்பு ஆவணங்களைச் சரிபார்ப்பது என் தொழில். அண்மையில் ஒரு பலநாள் கலத்தின் லொக் புத்தகம், அதாவது கடலில் நாள்தோறும் எழுத வேண்டிய மீன்பிடிப் பதிவேடு, என் மேசைக்கு வந்தது. தாள்களில் உப்புக் கறையோ மடிப்போ இல்லை. முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரே பேனா, எழுத்தில் ஒரே சாய்வு, நாள்தோறும் 800 தூண்டில். மீன்பிடித்ததாக எழுதப்பட்டிருந்த நாட்கள் சிலவற்றில், செய்மதிக் கண்காணிப்புக் கருவியின் பதிவின்படி படகு இரவு பகலாக நிற்காமல் நேர்கோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மீன் நல்ல மீன். ஐஸ் பிடித்த விதத்திலும் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனாலும் ஐரோப்பியச் சந்தைக்கான பிடிப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வழியில்லாமல் அந்த மீன் உள்ளூர் விலைக்குப் போனது. ஆட்கள் வாரக்கணக்கில் கடலில் கிடந்து உழைத்த உழைப்பு, கரையில் அவசரமாக நிரப்பிய சில தாள்களால் வீணாவதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த எழுத்து வேலை யாரோ ஓர் அதிகாரி சோம்பலில் கண்டுபிடித்த தொல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 2012 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்கு மஞ்சள் அட்டை காட்டி எச்சரித்தது; ஆழ்கடலுக்குச் செல்லும் கலங்களைக் கட்டுப்படுத்தும் முறை போதாது என்ற காரணத்தால் 2015 ஜனவரியில் நமது மீனை அங்கே இறக்குமதி செய்யத் தடையே வந்தது; அது நீங்க 2016 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்து சமுத்திர சூரை மீன் ஆணைக்குழுவின் 15/01 ஆம் தீர்மானமோ, 24 மீற்றருக்கு மேற்பட்ட கலங்கள் மட்டுமன்றி, அதற்குக் குறைந்த நீளமுடையதாக இருந்தாலும் தன் நாட்டின் பொருளாதார வலயத்துக்கு (கரையிலிருந்து 200 கடல்மைல் வரையான கடலுக்கு) வெளியே மீன்பிடிக்கும் ஒவ்வொரு கலமும் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்கிறது. நமது பலநாள் கலங்களில் பெரும்பாலானவை 24 மீற்றருக்குக் குறைந்தவையே. “எங்கள் படகு சிறியது” என்ற சாக்கு, 200 கடல்மைலைத் தாண்டிய கணத்திலேயே செல்லாது.

என்னை மிகவும் சலிப்படைய வைப்பது வேறொரு நம்பிக்கை. லொக் புத்தகம் என்றால் பிடித்த மீனின் கணக்கு, மீன் படவில்லையென்றால் எழுத ஒன்றுமில்லை என்று ஸ்கிப்பர்மாரும் (படகுத் தலைவர்களும்) உரிமையாளர்களும் ஒரே குரலில் சொல்கிறார்கள். அது முற்றிலும் தவறு. அந்தப் புத்தகம் முதலில் கேட்பது நீங்கள் போட்ட உழைப்பின் கணக்கை: எந்த நாள், எந்த இடம், எத்தனை தூண்டில், இரண்டு மிதவைகளுக்கு நடுவே எத்தனை தூண்டில் என்பதை. மீன் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஒரு கலம் பத்து நாட்கள் தினம் 800 தூண்டில் இறக்கி, ஐந்து நாட்கள் வெறுங்கயிற்றை இழுத்து, மற்ற ஐந்து நாட்களில் 40 மீன் பிடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் 8,000 தூண்டிலுக்கு 40 மீன், அதாவது ஆயிரத்துக்கு ஐந்து. வெறும் நாட்களை எழுதாமல் விட்டால் 4,000 தூண்டிலுக்கு 40 மீன், ஆயிரத்துக்குப் பத்து. கடலில் இருக்கும் மீன் தாளில் இரட்டிப்பாகிவிட்டது. மீன் குறைந்துகொண்டு போவதைக் கடலில் முதலில் உணர்பவர் நீங்கள். அதைக் கரையில் எவரும் அறியாதபடி மறைப்பவரும் நீங்களே ஆகிறீர்கள். மஞ்சள் துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டதாக 2015 இல் மதிப்பிடப்பட்டு, மறு ஆண்டே ஆணைக்குழு அதற்கு மீட்புத் திட்டம் கொண்டுவந்தது. அத்தகைய மதிப்பீடுகளுக்குத் தேவையான தரவில் ஒரு பகுதி இந்தப் புத்தகங்களிலிருந்தே செல்கிறது. ஆகவே மீன் படாத நாளில் திகதி, இடம், தூண்டில் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி, மீனுக்குரிய கட்டத்தில் பூச்சியம் போடுங்கள். வெற்றிடம் விடாதீர்கள், வெற்றிடத்தைப் பார்ப்பவருக்கு மீன் இல்லையா, எழுத மறந்ததா என்று தெரியாது.

கண்காணிப்புக் கருவி இருக்கும்போது எழுதுவானேன் என்று கேட்பவர்களுக்கு விடை சுருக்கமானது. படகு எங்கே நின்றது என்பதைக் கருவி சொல்லும். தூண்டில்கள் தொங்கும் தாய்க்கயிறு தண்ணீரில் இருந்ததா, தூண்டிலில் என்ன மாட்டியது என்பதை அது சொல்லாது.

சுறா விஷயத்தில் நிலவும் பயமும் தேவையற்றது. உடலளவு நீளமான வாலுடைய கசைவால் சுறாவைப் படகில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். அதனால் அது மாட்டியதை எழுதினாலே தண்டனை என்று அஞ்சிப் பலர் அந்தக் கட்டத்தைத் தொடுவதே இல்லை. வைத்திருப்பதுதான் குற்றம். மாட்டியது, விடுவிக்கப்பட்டது, உயிரோடு போனதா இறந்திருந்ததா என்று எழுதுவது உங்களுக்குப் பாதுகாப்பு. ஆமைக்கும் இதுவே பொருந்தும். எத்தனையோ பயணம் போன நீளத்தூண்டில் கலத்தின் புத்தகத்தில் ஓர் ஆமைகூட இல்லையென்றால், சரிபார்ப்பவருக்கு மற்றப் பக்கங்களிலும் சந்தேகம் வரும்.

இனத்தைப் பிரித்து எழுதுங்கள். பெருங்கண் சூரையும் மஞ்சள் துடுப்புச் சூரையும் குட்டிகளாக இருக்கையில் ஒன்றுபோலவே தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் குடலை எடுக்கும்போது ஈரலைப் பாருங்கள்: பெருங்கண் சூரையின் ஈரலில் அடிப்பக்கத்தில் நரம்புபோன்ற வரிகள் இருக்கும், மஞ்சள் துடுப்பின் ஈரல் வழுவழுப்பாக, வலது மடல் நீண்டு இருக்கும். அந்த ஈரல் கடலிலேயே வீசப்படுவதால், அதைப் பார்க்கும் வாய்ப்பு உங்களைத் தவிர வேறு எவருக்கும் இல்லை. எடையை எழுதுகையில் முழு மீனின் எடையா, குடலும் செவுளும் நீக்கிய எடையா என்பதையும் குறிப்பிடுங்கள். இறங்குதுறை எடையோடு ஒப்பிடும்போது எழும் சண்டைகளில் பாதி இந்த ஒரு சொல் இல்லாததால் வருபவை.

இடத்தைக் குறிப்பதில் ஜீ.பி.எஸ். திரை எந்த முறையில் காட்டுகிறது என்று முதலில் கவனியுங்கள். ஒரு பாகைக்கு 60 கலை. 7 பாகை 45 கலை என்பதை 7.45 என்று எழுதிவிட்டால் அது 7 பாகை 27 கலையாக வாசிக்கப்படும். வித்தியாசம் 18 கலை, அதாவது 18 கடல்மைல். மாலைதீவு வலயத்தின் ஓரத்தில் தொழில் செய்யும் கலத்தை, படகு ஓர் அங்குலம் தாண்டாமலே, தாளில் எல்லை தாண்ட வைக்க இந்தத் தவறு போதும்.

உரிமையாளர்களிடம் பணிவாக ஒன்று கேட்கிறேன். கரையில் இருக்கும் கணக்குப்பிள்ளையைக் கொண்டு, விற்பனைப் பற்றுச்சீட்டைப் பார்த்து, லொக் புத்தகத்தை நிரப்ப வைக்காதீர்கள். அது ஸ்கிப்பரின் கையால், கயிறு ஏறிய அன்றே, கடலில் எழுதப்பட வேண்டியது. கை ஓய்ந்த நிலையில் எழுதுவது கடினம் என்பது உண்மைதான். எழுதத் தெரிந்த ஒரு தொழிலாளியை உதவிக்கு வைத்து, ஸ்கிப்பர் வாசித்துக் கையொப்பமிடட்டும். புத்தகத்தைச் சக்கர அறையில் நனையாத உறையில் வையுங்கள். மை கரையாத பேனா இரண்டு கொடுத்தனுப்புங்கள். 2026 ஜனவரி 10 முதல் ஐரோப்பிய இறக்குமதியாளர்கள் பிடிப்புச் சான்றிதழ்களைக் கணினி அமைப்பு வழியாகவே சமர்ப்பிக்க வேண்டும் என்பதால், முன்பு ஒரு தொலைபேசி அழைப்பில் சமாளித்த முரண்பாடுகளுக்கு இனி இடமிருக்காது.

தவறு நேர்ந்தால் அழிக்கவோ மேலே எழுதவோ வேண்டாம். ஒரு கோட்டால் அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, கையொப்பமும் திகதியும் இடுங்கள். அடித்துத் திருத்திய பக்கத்தை நான் ஒருபோதும் திருப்பி அனுப்பியதில்லை.